தரிசுன்னு சொன்னா கெட்ட கோவம் வரும்!

ரெண்டு வாரமா ஆபீஸ்ல ஆணி அதிகம். அதனால இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே முடியல. ஆனா போன பதிவுக்கு வந்த ஒரு பின்னூட்டம் மட்டும் மண்டைக்குள்ள குடைஞ்சுக்கிட்டே இருக்கு. இன்னிக்கு அதை இறக்கி வெச்சாத்தான் தூக்கம் வரும் போல.

விஷயம் இதுதான். போன அக்டோபர்ல மேய்ன் மாநிலத்தோட கிழக்குக் கோடிக்குப் போயிட்டு வந்து நாலு படம் போட்டிருந்தேன். செர்ரிஃபீல்டு, டெப்ளாயிஸ் பக்கம். பாஸ்டன்ல இருந்து வண்டில நாலரை மணி நேரம். கண்ணுக்கெட்டின தூரம் மரமே இல்லாத சமவெளி, தரை பூரா குங்குமச் சிவப்பு, நடுநடுவுல யானை படுத்திருக்கிற மாதிரி பாறைங்க. எல்லாரும் படம் சூப்பர்னு சொன்னீங்க, நன்றி. ஆனா ஒரு நண்பர் (பேர் வேண்டாம், நல்ல மனுஷர், ரொம்ப நாளா இங்க வந்து போறவர்) இப்படி எழுதியிருந்தார்: "படம் அருமை. ஆனா இவ்வளவு பெரிய தரிசு நிலத்தைச் சும்மா போட்டு வெச்சிருக்காங்களே! மரம் நட்டிருந்தா காடாயிருக்குமே. அதுல நெருப்பு வேற வைக்கிறாங்கன்னு படிச்சேன். இயற்கையை அழிக்கிறதுல இவங்களை மிஞ்ச ஆளில்லை."

அதுக்குக் கீழ ஆறு பேர் வரிசையா 'ரிப்பீட்டேய்'. அவ்வ்வ்வ்.

நண்பரே, மன்னிச்சுக்கோங்க. உங்க மூணு வரில மூணு தப்பு இருக்கு. அது தரிசும் இல்ல, சும்மாவும் கிடக்கல, நெருப்பு அதை அழிக்கவும் இல்ல. நல்ல எண்ணத்தோட சொல்றீங்கன்னு தெரியும். நல்ல எண்ணத்தோட சொல்றதாலதான் இவ்வளவு கோவம் வருது. கெட்ட எண்ணத்தோட வர்றவன்கிட்ட சண்டை போட்டு ஜெயிச்சிடலாம். கையில மரக்கன்னோட சிரிச்சுக்கிட்டே வர்றவரை என்ன செய்யறது?

முதல்ல அந்த மண்ணைப் பத்திச் சொல்லிடறேன். ஏறத்தாழ 15 ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி அந்தப் பிரதேசத்து மேல கிலோமீட்டர் கணக்குல தடிமனா பனிப்பாளம் உக்காந்திருந்துச்சு. அது உருகிப் பின்வாங்கினப்ப, அரைச்சு வெச்சிருந்த மணலையும் சரளையையும் உருகின தண்ணியோட கொண்டுவந்து கடலோரமா கொட்டிட்டுப் போயிடுச்சு. பினியோ ரிட்ஜ்னு ஒரு மேடு இருக்கு. அது உண்மையில ஒரு டெல்டா. நம்ம காவிரி டெல்டா வண்டல்; இது மணல் டெல்டா. அன்னிக்குக் கடல் அந்த மேடு வரைக்கும் இருந்துச்சு. மேல ஏறி நின்னா டேபிள் மாதிரி தட்டையா இருக்கும். அந்தப் பாறைங்களும் பனி தூக்கிட்டு வந்து போட்டதுதான்.

இந்த மணல்ல மழை பெய்ஞ்சா சல்லடைல ஊத்தின மாதிரி நேரா கீழ இறங்கிடும். மழை நின்ன ரெண்டாம் நாள் மேல்மண் காஞ்சு கிடக்கும். சத்தும் தண்ணியோட போயிடும். எங்கயாவது வெட்டிப் பார்த்தீங்கன்னா மேல கறுப்பா ஒரு மக்கு அடுக்கு, அதுக்குக் கீழ சாம்பல் நிறத்துல வெளுத்த மணல், அதுக்கும் கீழ துரு நிறத்துல இன்னொரு அடுக்கு. புளிப்பான தண்ணி இரும்பைக் கரைச்சு மேல இருந்து கீழ இறக்கி வெச்சிருக்கு. இந்த மண் வகைக்கு ரஷ்ய மொழியில 'பொட்சோல்'னு பேரு, சாம்பலுக்கு அடியில்னு அர்த்தம். பி.எச். 4லிருந்து 5க்குள்ள. நெல்லு, சோளம், கோதுமை எதைப் போட்டாலும் உருப்படாது. இங்கிலாந்துல இருந்து வந்து இறங்கின குடியேறிகள் பார்த்தாங்க. நாம போடற பயிர் வரலையா? சரி, மலட்டு நிலம்னு எழுதிட்டாங்க. 'பேரன்ஸ்'ங்கற பேரு இன்னிக்கும் மேப்ல இருக்கு. விளையலைன்னு சொன்னது அவங்க கொண்டுவந்த விதையை வெச்சு. அந்த மண்ணுல ஏற்கெனவே என்ன இருக்குன்னு குனிஞ்சு பார்க்கல.

குனிஞ்சு பார்த்திருந்தா அங்க இருந்தது ப்ளூபெர்ரி. கடைல பிளாஸ்டிக் டப்பால வர்ற குண்டுப் பழம் இல்ல. அது ஆளுயரத்துக்கு வளர்ற வேற இனம். இது முழங்காலுக்கும் கீழ, சில இடத்துல ஒரு ஜாண் உயரம்தான். பழம் மிளகை விடக் கொஞ்சம் பெருசு, அவ்வளவுதான். ஆனா ருசி? கடைப்பழத்தைத் தின்னுட்டு இதைத் தின்னா ஏமாத்திட்டாங்கடான்னு தோணும். (தமிழ்ல அவுரிநெல்லின்னு ஒரு பேர் வெச்சிருக்காங்க. அவுரியும் இல்ல, நெல்லியும் இல்ல. எங்கம்மா படத்தைப் பார்த்துட்டு நாவப்பழம்னு முடிச்சிட்டாங்க. அதுவும் இல்ல. நான் ப்ளூபெர்ரின்னே எழுதறேன், தூய தமிழ் அன்பர்கள் பொறுத்தருள்க.)

இந்தச் செடியை யாரும் நடல. இதைத்தான் நான் கூவிக் கூவிச் சொல்ல வர்றேன். பனிப்பாளம் போன பிறகு தானா வந்து குடியேறின செடி. மேல தெரியற குச்சி சும்மா தலை மட்டும்தான். உடம்பு பூரா தரைக்குள்ள. இஞ்சி, மஞ்சள்ல பார்க்கிறோமே, அந்த மாதிரி தரைக்கடியில படுத்தபடி ஓடற தண்டு. ஆனா மெல்லிசு. ஒரு செடி அப்படியே பரவிப் பரவிப் பல மீட்டருக்கு ஒரே திட்டா நிக்கும். பக்கத்துத் திட்டு வேற செடி, வேற பிறவி. அக்டோபர்ல பார்த்தா ஒரு திட்டு குங்குமம், அடுத்தது ஆரஞ்சு, அடுத்தது மாதுளை நிறம்னு ஒட்டுத்துணி தைச்ச மாதிரி இருக்கும். போன பதிவுல மூணாவது படத்தை மறுபடி பாருங்க, அந்தக் கோடுங்க தெரியும். ஒரே வயல்ல நூத்துக்கணக்கான வேற வேற செடிங்க. அதுவும் தன் மகரந்தத்தை வெச்சுத் தானே ஒழுங்காக் காய்க்காது, பக்கத்துத் திட்டுல இருந்து வந்தாகணும்.

சத்தே இல்லாத புளிச்ச மண்ணுல இது எப்படிப் பிழைக்குது? வேர்ல ஒரு பூஞ்சை குடியிருக்கு. அந்த மண்ணுல தழைச்சத்து இருக்கு, ஆனா பாதி மக்கின குப்பைக்குள்ள பூட்டிக் கிடக்கு. பூட்டைத் திறக்கிறது பூஞ்சையோட வேலை, அதுக்குக் கூலியாச் செடி சர்க்கரை குடுக்குது. பழ ஆராய்ச்சிக்காரங்களுக்கே ரொம்ப நாள் இது புரியல. தோட்டத்து நல்ல மண்ணுல, எரு போட்டு, சுண்ணாம்பு போட்டு வளர்க்கப் பார்த்தாங்க, செத்துச் செத்துப் போச்சு. ஃப்ரெடரிக் கோவில்னு ஒரு தாவரவியல்காரர் 1910ல எழுதினப்பதான் இந்தச் செடிக்குப் புளிச்ச மண்தான் வேணும்கிற விஷயம் தெளிவாச்சு. (கோவில்தான் அவர் பேரு, சத்தியமா.) அவரும் எலிசபெத் வைட்ங்கற அம்மாவும் சேர்ந்து நியூ ஜெர்சில பைன் பேரன்ஸ் மணல்ல அந்த உயர ஜாதியைத் தோட்டப் பயிரா ஆக்கினாங்க. 1916ல முதல் விற்பனை. கவனிச்சீங்களா, அந்த ஊர் பேர்லயும் 'பேரன்ஸ்'. உலகம் பூரா சூப்பர் மார்க்கெட்ல விக்கற பழத்தோட பூர்வீகம் ரெண்டு மலட்டு நிலம்!

இப்ப நெருப்புக்கு வர்றேன். இங்கதான் எல்லாருக்கும் பத்திக்குது :-)

ஐரோப்பாக்காரன் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே வாபனாக்கி மக்கள், முக்கியமா அந்தப் பக்கத்துப் பாஸமக்வாடி ஜனங்க, இந்த நிலத்துக்கு நெருப்பு வெச்சுக்கிட்டிருந்தாங்க. பழத்தைக் காய வெச்சுக் குளிர்காலத்துக்குச் சேர்த்தாங்க. எரிச்ச இடத்துல ரெண்டாம் வருஷம் பழம் கொத்துக் கொத்தாக் காய்க்கும்னு அவங்களுக்குத் தெரியும். அந்தச் சுழற்சி இன்னிக்கும் அப்படியே ஓடுது. ஒரு வருஷம் எரிப்பாங்க, அந்தக் கோடை பூரா தரைக்கடியில இருந்து புதுத் தண்டு வரும், இலையுதிர் காலத்துக்குள்ள பூ மொட்டு வெச்சுடும். அடுத்த வருஷம் மே, ஜூன்ல பூ. ஆகஸ்ட்ல பழம். மறுபடி நெருப்பு. அதனால எப்பவும் பாதி நிலத்துலதான் அறுவடை.

நான் போன வருஷம் ஏப்ரல் கடைசியில ஒருமுறை போயிருந்தேன். அந்தப் படங்களை வேணும்னேதான் போடல, போட்டிருந்தா என்னென்ன திட்டு வந்திருக்குமோ. சுடுகாடு மாதிரி இருந்துச்சு. கறுப்பு. பாறைங்க மட்டும் வெள்ளையாத் தெரியுது. கால் வெச்சா 'மொறுக் மொறுக்'னு சத்தம். எனக்கே வயிறு என்னவோ பண்ணுச்சு. அப்புறம் உக்காந்து விரலால கரியை லேசா விலக்கிப் பார்த்தேன். ரெண்டு விரக்கடை ஆழத்துல மண்ணு சில்லுனு ஈரமா இருக்கு, அந்தத் தண்டு உயிரோட, பழுப்பா, ஒரு தீக்காயமும் இல்லாம. நெருப்பு மேல மேயற மாதிரி சட்டுனு ஓடிப் போயிடுது. மண்ணு ஈரமா இருக்கிற காலமாப் பார்த்துத்தான் வைக்கிறாங்க. காஞ்ச கோடையில வெச்சா அந்த மக்கு அடுக்கே எரிஞ்சு உள்ள இருக்கிற தண்டும் வெந்துடும். இது அவங்களுக்கு நம்மளை விட நல்லாத் தெரியும்.

நெருப்பு என்ன பண்ணுதுன்னா, காய்ப்பு குறைஞ்ச கிழட்டுக் குச்சியை எடுத்துடுது. கீழ விழுந்த இலைல தங்கியிருக்கிற பூச்சியையும் நோயையும் குறைக்குது. முக்கியமா, உள்ள நுழையப் பார்க்கிற பைன், ஸ்ப்ரூஸ் கன்னுங்களைக் கொல்லுது. அதுங்களுக்குத் தரைக்கடியில சேமிப்பு இல்ல. ப்ளூபெர்ரிக்கு இருக்கு. (சாஃப்ட்வேர்காரனுக்குத் தெரிஞ்ச ஒரே வைத்தியம் ரீஸ்டார்ட். இயற்கைக்கும் தெரியும் போல.)

"சரிங்க, எரிக்காம, அறுக்காம, யாரும் தொடாம அப்படியே விட்டா இயற்கை தன்னைத்தானே பார்த்துக்காதா?" இது இன்னொரு நண்பர் தனிமடல்ல கேட்டது. பார்த்துக்கும். எப்படின்னா, முதல்ல கிரே பெர்ச், ஆஸ்பென் வரும். பின்னாடியே பைன், ஸ்ப்ரூஸ், சிவப்பு மேப்பிள். நிழல் விழுந்ததும் ப்ளூபெர்ரி காய்க்கிறதை நிறுத்திடும். சாகாது, அது பெரிய ஆச்சரியம். காட்டுக்கு அடியில ரெண்டு இலையோட பொறுமையாக் காத்துக்கிட்டு இருக்கும். ஆனா அதை நம்பி இருந்ததெல்லாம் காத்துக்கிட்டு இருக்காது. திறந்த வெளியில தரைல கூடு கட்டற குருவிங்க, தென் அமெரிக்கப் புல்வெளி வரைக்கும் போய்த் திரும்புற அப்லேண்ட் சாண்ட்பைப்பர்... அதுங்களுக்கு மரம்னா ஆகாது. மரத்துல வல்லூறு உக்காரும்.

வெறும் வாயால சொல்லல, நடந்து முடிஞ்ச கதையே இருக்கு. நியூயார்க் மாநிலத்துல ஆல்பனி நகரத்துப் பக்கத்துல 'பைன் புஷ்'னு ஒரு மணல்காடு. இதே பனிக்கால மணல், இதே வறட்சி, குட்டைப் பைன், குட்டை ஓக், ப்ளூபெர்ரி, லூபின் பூச்செடி. அங்க கார்னர் ப்ளூன்னு நம்ம நகத்தளவு ஒரு நீல வண்ணத்துப்பூச்சி. 1940கள்ல இதை முறையா விவரிச்சுப் பேர் வெச்சது யார் தெரியுமா? நபக்கோவ். ஆமாங்க, 'லோலிட்டா' நபக்கோவ். மனுஷர் பட்டாம்பூச்சி ஆராய்ச்சிக்காரரும் கூட. இதோட புழு லூபின் இலையைத் தவிர வேற எதையும் தின்னாது. லூபினுக்கு வெயிலும் மணலும் வேணும். ஊரு பெருசாச்சு. ரோடு வந்துச்சு, மால் வந்துச்சு, குப்பைக்கிடங்கு வந்துச்சு. மிச்சம் இருந்த இடத்துல 'ஐயோ தீ'ன்னு ஒவ்வொரு நெருப்பையும் ஓடிப் போய் அணைச்சாங்க. மரம் அடர்ந்துச்சு. லூபின் போச்சு. பூச்சியும் போச்சு. 1992ல அது அழியும் நிலைன்னு மத்திய அரசுப் பட்டியல்லயே ஏறிடுச்சு. அதுக்கப்புறம்தான் ஞானோதயம் வந்து, மரத்தை வெட்டி, திட்டம் போட்டு நெருப்பு வெச்சு, லூபின் விதைச்சு இத்தனை வருஷமாப் போராடிப் பூச்சியை மறுபடி ஆயிரக்கணக்குல கொண்டுவந்திருக்காங்க. அந்தப் பூச்சியைச் சாகடிச்சதுல மால் கட்டினவனுக்குப் பாதிப் பங்கு. மீதிப் பாதி, நல்ல மனசோட தீயை அணைச்சவங்களுக்கு.

உடனே 1947ஐ எடுத்துக்கிட்டு வராதீங்க. தெரியும். அந்த அக்டோபர்ல மேய்ன்ல இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல எரிஞ்சுது, பார் ஹார்பர் மாளிகைங்க எல்லாம் சாம்பலாச்சு, உயிர்ச் சேதமும் உண்டு. அங்க கிழவர்கள் அந்த வருஷத்தைப் பத்திப் பேசினா குரல் மாறும். அந்தத் தீ வேற, ஏப்ரல் மாசம் தண்ணி டேங்க்கைப் பக்கத்துல நிறுத்தி வெச்சு, காத்தைப் பார்த்து வைக்கிற தீ வேற. அடுப்புல எரியறதும் கூரைல எரியறதும் ஒண்ணா? அதே மாதிரி எல்லாக் காட்டையும் எரிங்கன்னு நான் சொல்லல. பழைய மேப்பிள் காட்டுல எவனாவது நெருப்பு வெச்சா முதல் ஆளா நான் சண்டைக்குப் போவேன். இந்த மணலுக்கு இந்த நெருப்பு. அவ்வளவுதான்.

இவ்வளவு தூரம் படிச்சுட்டு, "ஆகா, ப்ளூபெர்ரி கம்பெனிகளுக்கு ஜால்ரா"ன்னு யாராவது சொல்றதுக்குள்ள அவங்களையும் கொஞ்சம் கவனிச்சுடறேன்.

பாக்கெட்ல பெருசா 'காட்டு ப்ளூபெர்ரி'ன்னு போட்டு, மலை, மேகம், ஒரு கரடி எல்லாம் வரைஞ்சு விக்கறாங்களே, அது பாதி நிஜம். நடலைங்கறது நிஜம். மீதி? 1980களோட ஆரம்பத்துல ஹெக்ஸாசினோன்னு ஒரு களைக்கொல்லி வந்துச்சு. ப்ளூபெர்ரியைப் பெருசாத் தொடாது, கூட இருக்கிற புல்லு, பூச்செடிங்களைக் காலி பண்ணிடும். விளைச்சல் தாறுமாறா ஏறுச்சு. 2014ல மேய்ன்ல மட்டும் 10 கோடி பவுண்டைத் தாண்டுச்சு. ஆனா மேல சொன்ன சல்லடை மணல் ஞாபகம் இருக்கா? மருந்தும் அதே வழியிலதான் கீழ போகும். அந்தப் பக்கத்துக் கிணத்துத் தண்ணில அது இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. அந்த மேட்டுல இருந்து இறங்கற நாரகுவாகஸ், ப்ளெசன்ட் ஆறுங்கள்ல இருக்கிற அட்லாண்டிக் சால்மன் மீன் 2000ல அழியும் பட்டியல்ல ஏறினது. அதுக்கு அணைக்கட்டு, கடல்னு ஆயிரம் காரணம் உண்டு, பழியை ப்ளூபெர்ரி தலைல மட்டும் கட்டினா அநியாயம். ஆனா அந்த ஆத்துத் தண்ணியை உறிஞ்சித்தான் மணல் வயலுக்குப் பாய்ச்சினாங்கங்கறதும் நடந்ததுதான்.

தேனீ கதை இன்னும் கேவலம். ப்ளூபெர்ரிப் பூ குட்டி மணி மாதிரி தலைகீழாத் தொங்கும். மகரந்தம் உப்பு டப்பா ஓட்டை வழியாத்தான் கொட்டும். பம்பிள் பீங்கற குண்டுத் தேனீ பூவைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உடம்பை 'ர்ர்ர்'னு அதிர வெச்சு உலுக்கி எடுத்துடும். நம்ம ஊர் கத்தரி, தக்காளிப் பூவுக்கும் இதே டெக்னிக்தான். பெட்டித் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. ஆனா அந்த மண்ணோட சொந்தத் தேனீங்களுக்கு ப்ளூபெர்ரி பூக்காத மத்த மாசத்துல சாப்பிட வேற பூ வேணுமில்ல? அந்தப் பூவைத்தான் களைன்னு மருந்தடிச்சுக் கொன்னாச்சு. அப்புறம் ஆயிரக்கணக்கான மைல் தள்ளியிருந்து லாரி லாரியாத் தேனீப் பெட்டிகளை வாடகைக்குக் கொண்டுவந்து இறக்கறாங்க. சொந்தச் செலவில் சூனியம்னா இதுதான் மக்களே. போதாததுக்கு, அறுவடை மிஷின் ஓடணும்னு பனிப்பாளம் வெச்சுட்டுப் போன பாறைங்களைப் பேர்த்தெடுத்து நிலத்தைச் சமப்படுத்தறாங்க. எண்ணெய் விலை ஏறிடுச்சுன்னு நெருப்புக்குப் பதிலா மிஷினை வெச்சு வெட்டறவங்களும் அதிகமாயிட்டாங்க. வெட்டினா தண்டு துளிர்க்கும், சரி. ஆனா பூச்சியும் நோயும் எரியாது. அதுக்கு இன்னும் கொஞ்சம் மருந்து. பாக்கெட்ல கரடி மட்டும் சிரிச்சுக்கிட்டே இருக்கு.

இதுக்கு நேர்மாறா ஒரு இடம் உண்டு, கென்னபங்க் ப்ளெய்ன்ஸ். மேய்னோட தெற்குப் பக்கம், பாஸ்டன்ல இருந்து ஒன்றரை மணி நேரம்தான். அதுவும் பழைய ப்ளூபெர்ரி மணல்வெளிதான். களைக்கொல்லி அடிச்சு அடிச்சு அங்க இருந்த நார்தர்ன் ப்ளேசிங் ஸ்டார்ங்கற ஊதாப் பூச்செடி அருகிக்கிட்டே வந்துச்சு. 1980களோட கடைசியில அரசாங்கம் அந்த இடத்தைப் பாதுகாப்புக்குன்னு வாங்குச்சு. மருந்தை நிறுத்தினாங்க. நெருப்பை நிறுத்தல! பகுதி பகுதியாப் பிரிச்சு, முறை வெச்சு எரிக்கிறாங்க. இன்னிக்கு அந்தப் பூவோட உலகத்துலயே பெரிய கூட்டம் அங்கதான். ஆகஸ்ட் கடைசியில போனா தரை பூரா ஊதா. நான் போனப்ப ஒரு தாத்தா வாளியை வெச்சுக்கிட்டுப் பழம் பறிச்சுக்கிட்டிருந்தார், பக்கத்துப் புதர்ல ஒரு குருவி வெட்டுக்கிளி மாதிரி 'ஸ்ஸ்ஸ்'னு கத்திக்கிட்டிருந்துச்சு. அது பேரே கிராஸ்ஹாப்பர் ஸ்பேரோ. மேய்ன்ல அழியும் நிலைல இருக்கிற பறவை. எரிச்ச தரைல சந்தோஷமா இருந்துச்சு.

சரி, இதுக்கு எதுக்கு இவ்வளவு கொலைவெறி, யாரோ எங்கயோ ஒரு பின்னூட்டம் போட்டா அந்த நிலத்துக்கு என்ன ஆயிடப் போகுதுன்னு கேப்பீங்க. ஆகும்ங்க. 2016ல விலை பவுண்டுக்கு 27 சென்ட்டுக்குப் போச்சு, 2017ல 26. கனடாலயும் விளைச்சல் கொட்டுச்சு, தோட்டத்துப் பழமும் குளிர்பதனக் கிடங்குல மலை மாதிரி தேங்குச்சு. கிட்டத்தட்ட இந்தப் பழம் மொத்தமும் உறைய வெச்சுத்தான் விக்குது, அதனால கிடங்கு நிறைஞ்சா விலை படுத்துடும். பறிக்கிற கூலிக்குக் கூடக் கட்டாதுன்னு சின்ன விவசாயிங்க பலபேர் பழத்தைச் செடிலயே விட்டுட்டாங்க, சிலபேர் தொழிலையே விட்டாங்க. இப்ப மேய்ன்ல மிச்சம் இருக்கிறது ஏறத்தாழ 40 ஆயிரம் ஏக்கர். அதுக்கு மேல வெயில் வேற. மாநிலத்தோட சராசரியை விட இந்தக் கிழக்குப் பக்கத்து வயல்கள் வேகமாச் சூடாகுதுன்னு மேய்ன் பல்கலைக்கழக ஆய்வு சொல்லுது. தண்ணி நிக்காத மணலுக்கு இது என்ன அர்த்தம்னு 2020 வறட்சில பார்த்தாங்க. விவசாயி கையை விரிச்சா அடுத்து யார் வருவாங்க? வீட்டு மனைக்காரன் வருவான். அவன் ஊர்க்கூட்டத்துல முதல்ல சொல்லப்போற வார்த்தை என்ன தெரியுமா? "இது சும்மா கிடக்கிற தரிசுதானே." அந்த வார்த்தையை அவனுக்கு முன்கூட்டியே ரெடி பண்ணிக் குடுக்கிறது நம்மளை மாதிரி நல்லவங்கதான்.

பாஸமக்வாடி ஜனங்க 1980ல நில உரிமை வழக்கு தீர்வான பிறகு, அந்தப் பணத்துல கொலம்பியா ஃபால்ஸ்ல ப்ளூபெர்ரி நிலத்தை விலைக்கு வாங்கினாங்க. தாங்கள் நெருப்பு வெச்சுப் பழக்கின நிலத்தையே காசு குடுத்து வாங்க வேண்டியிருந்துச்சு! சும்மா கிடக்கிற நிலம், யாருக்கும் சொந்தமில்லாத நிலம்னு ஒருத்தன் எழுதினா என்ன நடக்கும்கிறது இதுக்கு மேல எப்படிச் சொல்றது?

நமக்கு இது புரியாத விஷயமும் இல்ல. வரி வராத நிலத்தை எல்லாம் வெள்ளைக்காரன் ஒரு ஓரமாத் தள்ளினான், புறம்போக்குங்கறது நம்ம ஊர்ல வசவாவே ஆயிடுச்சு. 2017ல டி.எம்.கிருஷ்ணா புறம்போக்கு பத்திப் பாடினப்ப நாம எல்லாரும் பகிர்ந்து பகிர்ந்து கண்ணீர் விட்டோமே, மறந்துட்டோமா? நீலகிரில சோலைக்கு நடுவுல இருந்த புல்வெளிய 'காலி இடம்'னு நினைச்சுத்தான் ஆஸ்திரேலியாவுல இருந்து சீகையும் யூக்கலிப்டஸும் கொண்டுவந்து நட்டாங்க. இன்னிக்கு அந்தச் சீகையைப் பிடுங்கறதுக்கு வழி தெரியாம முழிக்கிறோம். (அந்தச் சோலை ஓரங்கள்ல ப்ளூபெர்ரியோட சொந்தக்காரச் செடி ரெண்டு வகை வளருது, ஒண்ணோட தாவரப் பேர்லயே நீலகிரி இருக்கு.) மத்திய அரசோட 'வேஸ்ட்லேண்ட் அட்லஸ்' இன்னிக்கும் புதர்க்காட்டையும் மணல் நிலத்தையும் பாழ் நிலக் கணக்குலதான் எழுதுது, 2019 பதிப்பு வரைக்கும். நானும் யோக்கியன் இல்ல. காலேஜ்ல என்.எஸ்.எஸ். முகாம்ல ஒரு செம்மண் பொட்டல்ல முந்நூறு குழி தோண்டினவன். அங்க தினமும் ஆள்காட்டிக் குருவி கத்திக்கிட்டே தலைக்கு மேல சுத்தும். ஏன் கத்துதுன்னு ஒருத்தனும் கேக்கல. இப்ப யோசிச்சா, அதோட முட்டை எங்கயோ எங்க காலடியிலதான் இருந்திருக்கணும். குரூப் போட்டோ மட்டும் எடுத்துக்கிட்டோம். அடுத்த வருஷம் கன்னுல முக்காவாசி கருகிப் போச்சு, அது தனிக்கதை.

அதனால நண்பரே, அடுத்த ஆகஸ்ட்ல வாங்க. டிக்கெட் உங்க செலவு, காரும் பெட்ரோலும் என் செலவு. டெப்ளாயிஸ் மேட்டுல ஒரு பாறை மேல உக்காந்து ஒரு கை பழம் அள்ளிச் சாப்பிடுங்க. பக்கத்துல அந்த வசந்தத்துல எரிச்ச வயல் பச்சைப் பசேல்னு துளிர்த்து நிக்கும், அதையும் பாருங்க. அப்பவும் இங்க மரம் நடணும்னு தோணிச்சுன்னா சொல்லுங்க, மண்வெட்டியை நானே எடுத்துத் தர்றேன். ஆனா குழி தோண்டறதுக்கு முன்னாடி அந்தத் தண்டை விரலால ஒருமுறை தொட்டுப் பார்க்கணும், அது மட்டும்தான் கண்டிஷன்.

டிஸ்கி 1: 'ரிப்பீட்டேய்' போட்ட ஆறு பேரும் எனக்கு வேண்டியவங்கதான். உள்குத்து எதுவும் இல்ல, எல்லாம் வெளிக்குத்துதான்.

டிஸ்கி 2: கறுப்பா எரிஞ்சு கிடந்த ஏப்ரல் படங்களை நாளைக்கு ராத்திரி போடறேன். திட்டறவங்க கொஞ்சம் பொறுத்து, அதே இடத்துல எடுத்த ஆகஸ்ட் படத்தையும் பார்த்துட்டுத் திட்டுங்க.